இணைச்சீர்ப் படம்

எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் போட்டோக்காரர்கள் முன்வாசலோடு நின்றுகொள்வார்கள். உள்ளே வர நான் விட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக் கூடத்தில் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து என் மகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஏற்பாடு செய்தவன் நான்தான். அதற்குக் காரணம் இருந்தது.

என் மகள் யோகப்பிரியாவை உடுமலையில் கொடுத்திருந்தோம். ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள், ஒற்றைப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாள். அங்கே நடந்ததையெல்லாம் அவள் அம்மா கமலாத்தாளிடம் சொன்னாள். கமலாத்தாள் என்னிடம் பாதிதான் சொன்னாள். எனக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பெண் கொடுத்த இடம் எதுவும் இதுவரை முறிந்ததில்லை. நல்லேப்பிள்ளியில் நாலு பேர் கூடிய இடத்தில் சென்னியப்பன் வீட்டுப் பெண் வாழாமல் வந்துவிட்டாள் என்ற பேச்சு எழுவதை நான் உயிரோடு இருந்து கேட்க முடியாது.

பால் சொசைட்டியில் யாரோ கேட்டபோது கமலாத்தாள்தான் சொன்னாள். "மாப்ள மஸ்கட் போயிருக்கறாருங்க. காண்ட்ராக்ட்டு முடியோணும். அதான் புள்ள இங்க இருக்கறா."

நான் பக்கத்தில் நின்றேன். மறுக்கவில்லை. அன்று மாலைக்குள் அது ஊருக்கெல்லாம் உண்மையாகிவிட்டது. அந்த வார்த்தையை என் வாயால் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கேட்டவர்களிடம் தலையசைத்திருக்கிறேன். பேச்சை மழைக்கும் ஆழியாற்றுத் தண்ணீருக்கும் திருப்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவளை வெளியே விட முடியவில்லை. கோயிலுக்குப் போனால் மாப்பிள்ளை எப்போது லீவில் வருகிறார் என்பார்கள். கடைக்குப் போனால் மஸ்கட்டில் எந்த கம்பெனி என்பார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வீட்டிலேயே இருந்தாள். யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எழுந்து போவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் என் மகன் தங்கதுரைக்குக் கோபாலபுரத்தில் காளிச்சாமியின் மகள் மௌனிகாவைப் பேசி முடித்தோம். கல்யாணம் தையில். நல்ல குடும்பம், சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் தோப்பும் வீடும். அவர்களுக்கும் மஸ்கட் கதைதான் தெரியும்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். வேறொரு வீட்டுப் பெண் நடுவில் வந்தாலும் கூடப்பிறந்தவள் உறவு அறாது என்பதற்கான சீர் அது. வாழ்கிற பெண்தான் நிற்கலாம். ஊருக்கு ஒன்று சொல்வது வேறு. சீரில், குலதெய்வத்தைச் சாட்சி வைத்துக்கொண்டு, வாழாத பெண்ணை வாழ்கிறவளாக நிறுத்துவது வேறு. அதற்கு நான் ஒப்பவில்லை. ஆனால் அவளை நிறுத்தாவிட்டால் மண்டபம் முழுக்கக் கேட்பார்கள், சொந்த அக்கா இருக்கும்போது ஏன் இன்னொருத்தி என்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

பங்காளி வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் வழி தெரிந்தது. அந்தப் போட்டோக்காரன் இரண்டு நாளும் எங்களோடு சாப்பிட்டான், மேடையிலேயே கிடந்தான். ஆல்பத்தில் அவன் விரல்கூட இல்லை. அவன் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அன்று யோகப்பிரியா சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி கல்யாணத்துக்கு நீயே போட்டோ எடு, அம்மிணி," என்றேன்.

"நானுங்களா? போன்லயா?"

"கேமரா வாங்கித் தர்றேன். சொல்லிக்குடுக்க ஆளும் பாக்கறேன். உனக்குத்தான் அதுல ஆசையாச்சே."

கத்தியைக் கீழே வைத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை.

"எடுக்கறவ படத்துல இருக்க மாட்டா. அதானுங்கப்பா?"

"மேடைலயும் நிக்க வேண்டியதில்ல."

"இணைச்சீருக்கு?"

"சித்தப்பன் புள்ள நிக்கட்டும். அக்கா போட்டோ எடுக்கறா, அதனால தங்கச்சி நின்னான்னு சொன்னா யாருக்கும் தப்பாத் தோணாது."

"நல்லாத்தான் யோசிச்சிருக்கறீங்க," என்றாள். பிறகு, "கல்யாணம் முடிஞ்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்ச பொறவு உள்ளதைச் சொல்லிப்போடலாம். அப்பறம் நீ வேலைக்குப் போ, எங்க வேண்ணாலும் போ."

"யாருங்க சொல்றது? அம்மாளா?"

"நான் சொல்றேன்."

"உங்க வாயாலயா?"

"என் வாயால."

மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தைக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. நடத்துகிறவன் ஜின்சன். அவன் மனைவி லிஜியும் படம் எடுப்பாள். இடுக்கியில் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண், சர்ச் கல்யாணங்களுக்கு மலையேறிப் போய் எடுப்பாளாம். பெண் என்பதால்தான் அவளைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன்.

"அக்கா கடைக்கு வரக் கூடாதா ஐயா?"

"வராது."

"நடக்க முடியாதவுகளா?"

"நல்லா நடக்கும்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, நானே வாரேன்," என்றாள்.

முதல் நாள் அவள் வந்தபோது கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளி ஆள் ஒருத்தி என் மகளிடம் என்ன கேட்கிறாள், இவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"ஐயாவும் படிக்கப் போறீகளா?"

"நான் சும்மா உக்காந்திருக்கறேன்."

"சும்மா உக்காந்திருக்கிறவுக கிடைக்கது கஷ்டம். உங்கள வச்சே பழகிருவோம்."

அப்படித்தான் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் மகள் கற்றுக்கொண்டதெல்லாம் என் முகத்தில்தான்.

லிஜி முதலில் கேமராவை இயக்கவே விடவில்லை. பிடிக்கச் சொன்னாள். "முழங்கைய விலாவோட ஒட்டி வைங்க அக்கா. கால அகட்டி நில்லுங்க. மூச்ச விட்டுட்டு, அடுத்த மூச்சு எடுக்கதுக்குள்ள அமுக்கணும். ஆட்டம் கையில இல்ல, மூச்சுல இருக்கு." பிறகு எல்லா விளக்கையும் அணைத்தாள். எதிர்ப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். என் பக்கத்து ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. "எல்லாப் பக்கமும் வெளிச்சம் விழுந்தா மூஞ்சி தோசமாவு மாதிரித்தான் இருக்கும். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். ஐயா மூக்கு இப்பத்தான் மூக்கு மாதிரி இருக்கு, பாருங்க."

யோகப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் மூக்கைத் தொடவில்லை.

"ஃபோகஸ் கண்ணுல வைங்க. கண்ணு தெளிவா இருந்தா மத்ததெல்லாம் மங்கலா இருந்தாலும் சனங்க மன்னிச்சிருவாங்க. கண்ணு மங்கிட்டா கழுத்துல எவ்வளவு நகை தெரிஞ்சும் பிரயோசனம் இல்ல. அப்புறம், ஐயா எந்தப் பக்கம் பாக்காகளோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்க. இல்லன்னா சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்."

இன்னொரு நாள் ஓரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் படத்தின் நாலு மூலையையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். இருக்கக் கூடாதது எது மூலையில் எட்டிப் பார்க்கிறது என்று தேட வேண்டும். குப்பைக்கூடை, பாதி வெட்டுப்பட்ட கை, காய்கிற துணி. "ஆள மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா ஓரம் நம்மளக் கவுத்துரும்." இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. குடும்பம் நடத்துவதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெளிய வந்து எடுத்தாத்தான் வெயில் பழகும்," என்று லிஜி ஒருநாள் சொன்னாள். "வயலு இருக்கு, பனை இருக்கு. வாங்கக்கா, அந்த வரப்பு வரைக்கும் போயிட்டு வருவோம்."

யோகப்பிரியா என்னைப் பார்த்தாள்.

"கல்யாணம் மண்டபத்துக்குள்ள. உள்ள எடுக்கப் பழகினாப் போதும்," என்றேன்.

அதனால் வீட்டுக்குள்ளேயே எடுத்தாள். அம்மாவின் கை, அம்மாவின் முதுகு, மூலையில் குவித்த தேங்காய், ஜன்னல் வழியாகத் தெரியும் கேட். கேட் மழையில், கேட் வெயிலில், கேட்டுக்கு வெளியே நிற்கும் நாய், யாரும் இல்லாத கேட். லிஜி அவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அக்கா, எல்லாப் படத்துலயும் கம்பி இருக்கே."

"இந்த ஊட்ல வெளிச்சம் வர்ற பக்கமெல்லாம் கம்பிதான், லிஜி."

"ஜன்னல்னா கம்பி இல்லாம என்ன இருக்கும்?" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மகள் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஒருநாள் பாடம் நடக்கும்போது கேட் சத்தம் கேட்டது. காளிச்சாமி, பத்திரிகை அச்சடிப்பது பற்றிப் பேச வந்திருந்தார். யோகப்பிரியா கேமராவோடு நெல் வைக்கிற அறைக்குள் போய்விட்டாள், லிஜியும் பின்னாலேயே போனாள். நான் காளிச்சாமியை உட்கார வைத்தேன். உள்ளே இருட்டில் லிஜி மெதுவாகச் சொல்வது கேட்டது. "நல்லதாப் போச்சு, இருட்டு இருக்கு. ஐஎஸ்ஓவ ஏத்துங்க, இருட்டுலயும் எடுக்கலாம். படத்துல மணல் மாதிரிப் புள்ளி விழும், சாரமில்ல, பரவாயில்ல." பிறகு டிக், டிக் என்று சத்தம்.

காளிச்சாமி காதைத் திருப்பினார். "என்னமோ சத்தங்க?"

"பல்லிங்க," என்றாள் கமலாத்தாள். "இந்த ஊட்ல பல்லி ஜாஸ்தி."

"சுவத்துக்கு வெள்ளையடிச்சாப் போயிருமுங்க," என்றார் அவர், அக்கறையாக. அவர் காபி குடித்து எழுந்து போகும்வரை என் மகள் அந்த அறையில் நெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் லிஜி கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்திருந்தது. "சடங்கு நடக்கையில யாரும் லென்ஸப் பாக்கக் கூடாது அக்கா. அவுக பாட்டுக்கு அவுக வேலையப் பாக்கணும். ஒருத்தர் லென்ஸப் பாத்துட்டாருன்னா எடுக்கிறவ படத்துக்குள்ள வந்துருவா. 'இங்க ஒருத்தி நிக்கா'ன்னு அந்தக் கண்ணே காட்டிக்குடுத்துரும்."

"ஆமா, பாக்கக் கூடாது," என்றேன் நாற்காலியிலிருந்து.

கொழிஞ்சாம்பாறையில் மண்டபம். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. "எங்கீங்க பெரிய புள்ள?" என்று கேட்டவர்களுக்கு மேடைப் பக்கம் கையைக் காட்டினேன். லிஜி விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்க, யோகப்பிரியா கண்ணில் கேமராவோடு நின்றாள். "அட, புள்ளையே எடுக்கறாளா? கெட்டிக்காரிதான்," என்று போனார்கள். மாப்பிள்ளை பற்றிக்கூட யாரும் தோண்டவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் மகள் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

இணைச்சீர் வந்தது. சடங்கு நடத்தும் அருமைக்காரர் கூறைப்புடவையின் ஒரு முனையைத் தங்கதுரையிடம் கொடுத்தார். மறுமுனையை என் தம்பி மகள் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் புடவையைப் பார்த்தார்கள். தங்கதுரை மட்டும் தலையை நிமிர்த்தி நேரே கேமராவைப் பார்த்தான்.

"மாப்ள, இக்கட்ட, சீலையப் பாருங்க," என்றார் அருமைக்காரர்.

அவன் அசையவில்லை.

"அங்க பாரு தம்பி, என்னையப் பாக்காதே," என்று யோகப்பிரியா கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"உன்னையப் பாக்காம வேற யாரைக்கா பாக்கறது," என்றான் அவன், அதே மெதுவான குரலில்.

நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. மேளத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அவள் முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. கேமரா ஆடவில்லை. ஒருமுறை டிக் என்றது. சீர் முடியும்வரை அவன் பார்வையை எடுக்கவில்லை, அவளும் கேமராவை இறக்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மறுவீடு முடியட்டும் என்று பார்த்தேன். பிறகு பங்குனி நோம்பு முடியட்டும் என்று பார்த்தேன். பிறகு, மருமகள் இந்த வீட்டுக்குப் பழகட்டும் என்று தோன்றியது. பெண்ணைக் கொடுத்த கையோடு இதைக் கேட்டால் காளிச்சாமி என்ன நினைப்பார்? யோகப்பிரியா என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். "எப்பங்கப்பா?" என்றாள். "சொல்றேன் அம்மிணி," என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முன்பு வெளியே இருந்து ஆள் வந்தால்தான் ஒளிய வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே மௌனிகா இருந்தாள். நல்ல பெண், நாத்தனாரை "நங்கை, நங்கை" என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். ஒருநாள், "ஏனுங் நங்கை, மஸ்கட்டுல இருந்து அண்ணன் போனே பண்றதில்லீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து கமலாத்தாள் ஒரு ஏற்பாடு செய்தாள். சாயங்காலம் யோகப்பிரியா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேச வேண்டும். நான் கூடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "சாப்டீங்களா?" என்று என் மகள் கேட்பது கேட்கும். பிறகு இடைவெளி. "இங்க நல்ல வெயிலுங்க." பிறகு இடைவெளி. எதிர்முனையில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் நான் பதிலுக்குக் காத்திருந்தேன்.

ஆல்பம் தயாரானதும் லிஜி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரமே சம்பந்தி வீட்டாரை விருந்துக்கு அழைத்திருந்தோம். காளிச்சாமியும் அவர் மனைவியும் வந்தார்கள். இலை போட்டாயிற்று. யோகப்பிரியா விருந்தைப் படம் எடுக்கிறேன் என்று கேமராவோடு வாசற்படியில் நின்றாள். கேமரா கையில் இருந்தால் அவள் கூடத்துக்கு வரலாம் என்பது எங்கள் வீட்டில் பழகிவிட்டிருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே மௌனிகா ஆல்பத்தை எடுத்து அப்பாவின் எதிரில் விரித்துக் காட்டினாள். முதல் பக்கத்திலேயே, பக்கம் முழுக்க, இணைச்சீர்ப் படம். லிஜி தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் போல ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம். நாலு மூலையும் சுத்தம். புடவையின் ஒரு முனையில் என் தம்பி மகள் குனிந்து நிற்கிறாள். மறுமுனையில் தங்கதுரை. அவன் கண் அவ்வளவு தெளிவு. கண்ணில் தண்ணீர் நிற்பதுகூடத் தெரிந்தது. அந்தக் கண் பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கவில்லை. பக்கத்தை விரித்தவர் யாராக இருந்தாலும் அவரை நேராகப் பார்த்தது.

காளிச்சாமி சோற்றுக் கையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள யாரைப் பாத்துட்டு நிக்கறாருங்க?"

"நங்கையத்தானுங்கப்பா," என்றாள் மௌனிகா. "அவிங்கதான எடுத்தாங்க."

"அது செரி." அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. "கூடப்பொறந்த புள்ள எதுக்கால நின்னு கேமரா புடிச்சிருக்குது. சித்தப்பன் புள்ள சீலையப் புடிச்சிருக்குது. போட்டோ எடுக்க ஊர்ல ஆளா இல்லீங்க?"

"அது வந்துங்க, மாப்ள மஸ்கட்ல இருக்கறதால..." என்று கமலாத்தாள் ஆரம்பித்தாள்.

"உங்களைக் கேக்கலீங்க அக்கா. சம்பந்தியக் கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. "மாப்ள மஸ்கட்லதான் இருக்கறாருங்களா?"

தலையசைத்தால் போதும். ஆனால் அவர் என் தலையைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டில், என் இலையில் சாப்பிடுகிற சம்பந்தி, உறவு சொல்லி என்னைக் கேட்கிறார். மழையைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை. கமலாத்தாள் கரண்டியோடு நின்றாள். தங்கதுரை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசற்படிப் பக்கம் பார்த்தேன். அங்கே என் மகளின் முகம் இல்லை, கேமராதான் இருந்தது. லென்ஸைப் பார்த்தேன். டிக் என்றது.

"மஸ்கட்ல இல்லீங்க," என்றேன். "உடுமலைலதான் இருக்கறாரு. எம்புள்ள அங்க இருக்க முடியாதுன்னு வந்துருச்சு. திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லீங்க. தீத்துக்கறதுக்கு இனித்தான் வக்கீலப் பாக்கோணும்."

காளிச்சாமி இடது கையால் ஆல்பத்தை மூடினார்.

"நிச்சயத்துக்கு முன்ன இதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் பொண்ணு குடுத்திருக்க மாட்டேனுங்க."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் சொல்லலீங்களா?"

"ஆமாங்க."

இலையை மடித்தார். பாயசம் இன்னும் பரிமாறவில்லை. கை கழுவிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனைவியும் எழுந்தாள். வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார். "வர்றியா அம்மிணி?"

மௌனிகா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் இருக்கறனுங்கப்பா."

"உனக்குத் தெரியுமா இது?"

"நங்கையோட போனு கூடத்துல சார்ஜர்ல கெடக்கும். நங்கை உள்ள பேசிட்டு இருப்பாங்க," என்றாள். "எத்தனை நாளைக்குத் தெரியாத மாதிரி இருக்கறதுங்கப்பா."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் காரை நோக்கி நடந்தார். கேட்டை அவரே திறந்துகொண்டார். சாத்தவில்லை.

அன்று சாயங்காலம் யோகப்பிரியா கேமராவின் பின்பக்கத் திரையில் அந்தப் படத்தைக் காட்டினாள். என் வாய் பாதி திறந்திருக்கிறது. இடது மூலையில் கமலாத்தாளின் கரண்டி, முகம் இல்லை. வலது மூலையில் காளிச்சாமியின் சோற்றுக் கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. தண்ணீர்ச் சொம்பு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.

"ஓரம் பாக்கலியே நீ," என்றேன்.

"பாத்தேனுங்கப்பா. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"நான் லென்ஸப் பாக்கறேன்."

"ஆமாங்க."

அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

காளிச்சாமி இதுவரை வரவில்லை. தங்கதுரையும் மௌனிகாவும் போய் வருகிறார்கள், அவர்களுக்கு அங்கே சோறு உண்டு. ஊருக்கும் தெரிந்துவிட்டது. போகிற இடத்திலெல்லாம் ஒருவராவது, "அப்படீங்களா?" என்று ஆரம்பிக்கிறார். ஒவ்வொருவருக்கும் என் வாயால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் போவதை நான் குறைத்துக்கொண்டேன். பால் சொசைட்டிக்குக் கமலாத்தாள் போகிறாள். கேட் சத்தம் கேட்டால் யார் என்று முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

யோகப்பிரியா காலை பஸ்ஸில் வேலந்தாவளம் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போகிறாள். போன வாரம் லிஜியோடு இடுக்கிக்கு, ஏதோ தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போய் வந்தாள். நான் போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இன்று கேட்டைத் தாண்டியவள் நின்றாள். திரும்பினாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினாள். முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை. படத்தில் கம்பி இருக்கும். ஜன்னல் என்றால் கம்பி இருக்கத்தான் செய்யும்.